தலை விழாத படம்

வஞ்சம் வைத்துக்கொண்டு அலையக் கூடாது, உடம்புக்கு ஆகாது என்று இப்போது ஆளாளுக்குப் புத்தி சொல்கிறீர்கள். அதுவும் நம் வயசுக்காரர்கள்தான் ஜாஸ்தி. சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, ‘போனது போகட்டும், மன்னிச்சு வுட்டுடு’ என்கிறீர்கள். உங்களுக்கு ஒன்றும் போகவில்லை, சொல்கிறீர்கள். எங்களுக்கு முக்கால் காணி, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம், போனது. கொண்டு போனவர் எங்கள் பெரியப்பா, அப்பாவுக்கு நேர் மூத்தவர். பிற்காலத்தில் அவர் பக்கவாதம் வந்து படுத்தபோது பார்க்கப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போகவில்லை. வாய் கோணிக் கிடப்பதைப் பார்க்கத்தான் போனேன். பார்த்தேன், வந்தேன். அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோடு மறியல் நடந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டு, ஒரு வாரம் ஒரு பஸ்ஸும் இல்லை. சங்கராபுரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் எங்கள் ஊர். எனக்குப் பன்னிரண்டு வயசு. கேட்டது நியாயம், அதில் எனக்குச் சண்டையில்லை. நான் சொல்லப்போவது அந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்குள் நடந்த கதை.

முதலில் கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா நெய்வேலியில் ஃபிட்டராக இருந்தார். அங்கே வேலைக்கு வந்திருந்த ரஷ்யாக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, அப்பாவின் கையில் தன் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனாராம். எனக்குப் பத்து வயசில் அப்பா காமாலையில் செத்துப்போனார். சைக்கிளைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார், ரேடியோவைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இது இன்னா, பூட்டு மாதிரி கனக்குது’ என்று வைத்துவிட்டார். அப்படித்தான் அது எனக்கு வந்தது.

அந்த மாதிரிக் கேமராவை நம் பக்கம் யாரும் சீந்த மாட்டார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வைத்திருந்தது மேலே இருந்து குனிந்து பார்க்கிற பெட்டி. பளிச்சென்று விளக்கு அடிக்கும், படம் எடுத்த மாதிரி இருக்கும். இதில் விளக்கு கிடையாது, பெரிய சத்தமும் இல்லை. ‘க்ளக்’ என்று நாக்கைத் தட்டுகிற அளவுக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். மேலே சின்ன ஜன்னல். அதில் கண்ணை வைத்தால் நடுவே மஞ்சளாக ஒரு பொட்டு. பொட்டுக்குள் எல்லாமே இரண்டு இரண்டாகத் தெரியும். இரண்டு அம்மா, இரண்டு எருமை. கண்ணாடி வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நகர்ந்து நகர்ந்து ஒன்றாகும். ஒன்றானதும் அமுக்க வேண்டும். எனக்கு அந்த நகர்தல் ரொம்பப் பிடிக்கும். தோல் உறையில் செருப்புக் கடை வாசனை அடிக்கும், அதுவும் பிடிக்கும்.

ஃபிலிம் வாங்க வழி ஏது? கள்ளக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் அப்பாவுக்குப் பழக்கம். மீந்துபோன துண்டு ஃபிலிமை உருளையில் சுற்றிக் கொடுப்பார். கருப்பு வெள்ளைதான். பத்துப் படம் வரும், சில சமயம் பன்னிரண்டு. அதனால் ஒரு நாளைக்கு ஒரு படம் என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகும்போதும் பையில் அதுதான், மல்லாட்டை பொறுக்கப் போகும்போதும் இடுப்பில் அதுதான். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கோழி, கரும்பு வண்டி, கிணற்றில் குதிக்கிறவன் கால், வாத்தியார் தூங்குவது, எல்லாம் எடுத்தேன். ஜாஸ்தி எடுத்தது அம்மாவை.

அம்மாவை எடுத்தால் தலை இருக்காது. பார்க்கிற ஜன்னல் மேலே, படம் விழுகிற கண்ணாடி அதற்குக் கீழே. தூரத்தில் இருந்து எடுத்தால் வித்தியாசம் தெரியாது. கிட்டப் போனால் ஜன்னலில் தெரிகிற தலை படத்தில் விழாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று உருளை ஆயிற்று.

“இன்னா பாப்பா, உங்க ஊர்ல யாருக்குமே தல கெடையாதா?” என்று ஸ்டூடியோக்காரர் படத்தை எண்ணி வைத்துக்கொண்டே சிரிப்பார். “இந்தப் பொட்டியத் தூக்கி எடைக்குப் போடு. படிக்கல்லுக்காச்சும் ஆவும்.”

நான் முறைத்துவிட்டு வந்துவிடுவேன். அப்புறம் கிட்டப் போனால் தலைக்கு மேல் ஒரு சாண் வானம் விட்டுப் பிடிக்கப் பழகிக்கொண்டேன்.

இனி நிலம். தாத்தா செத்த பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் வாய்வார்த்தையாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பத்திரம் ஒன்றும் இல்லை. ரோட்டில் இருந்து ஒரு வரப்பு உள்ளே போகும். வரப்பின் தலைமாட்டில் ஒரு புளியமரம். மரத்துக்குக் கிழக்கே பெரியப்பாவுக்கு, மேற்கே எங்களுக்கு. ‘மரம் இருக்குதுல்ல, அதவிட இன்னா சாட்சி வோணும்?’ என்று அப்பாவே சொல்லியிருக்கிறாராம். மனுஷன் அப்படி.

மறியலில் மூன்றாம் நாள். பள்ளிக்கூடம் லீவு. கோடாலிச் சத்தம் கேட்டு ஓடினேன். எங்கள் எல்லை மரத்தைச் சுற்றி நாலு ஆள், நடுவே பெரியப்பா. கொஞ்சம் தள்ளி மலைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கல்வராயன் மலையில் இருந்து இறங்கி வந்து, பெரியப்பாவிடம் மரம் வெட்ட, கரும்பு வெட்ட என்று வருஷத்தில் பாதி நாள் வேலை செய்கிறவர். அவர் கோடாலியைத் தரையில் போட்டிருந்தார்.

“எல்ல மரங்க இது. ரோட்டு மரம்னா வெட்டலாம். இத நான் தொட மாட்டேங்க” என்றார்.

“போராட்டத்துக்குடா! உனுக்கு இன்னா தெரியும்?”

“அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டீங்களா?”

 கீழே கிடந்த கோடாலியைப் பெரியப்பாவே எடுத்தார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது பட்டைப் பட்டையாகக் கோடு போட்ட சட்டை. பொங்கலுக்குத் தைத்தது, இரண்டு பக்கமும் பை. ஊரில் அப்படி ஒரு சட்டை வேறு யாரிடமும் கிடையாது. மரம் சாய மத்தியானம் ஆகிவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தபோது இருந்தவர்கள் எல்லாம் கோஷம் போட்டார்கள். அம்மா வரப்பில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளித் தூற்றினாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கேமராவை எடுத்தேன். உருளையில் கடைசிப் படம்.

பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. சிரித்தார். மரத்தின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தார், கோடாலியைத் தோளில் சாய்த்தார்.

“எடுடி எடு. உங்கப்பன் பொட்டில எதுனா வுழுதா பாப்போம்.”

அது படம் பிடிக்காத கேமரா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அந்தத் தைரியம்தான் அவருக்கு. இந்த முகம் பெரிதாக விழவேண்டும், இந்தச் சிரிப்பு, இந்தப் பல், எல்லாம் விழவேண்டும் என்று கிட்டக் கிட்டப் போனேன். பொட்டுக்குள் இரண்டு பெரியப்பா சிரித்தார்கள். திருகினேன், ஒன்றானார். அமுக்கினேன். மேலே ஒரு சாண் வானம் விடவேண்டும் என்பதை ஆத்திரத்தில் மறந்தே போனேன்.

மறுநாள் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துக் குழியை மூடினார். அதற்கு மறுநாள் ஏர் பூட்டி, வரப்பை உழுதுவிட்டு எங்கள் பக்கம் முக்கால் காணி உள்ளே தள்ளிப் போய் நின்றார். இருந்ததே ஒன்றேகால்தான். அம்மா ஊர்ப் பெரியவர்களிடம் போய் அழுதாள். ‘மரம் எங்க இருந்துச்சுன்னு இப்ப யாரு கண்டா?’ என்றார் பெரியப்பா. போராட்டத்துக்கு மரம் கொடுத்த ஆள், அவரை எதிர்த்து யார் பேசுவார்கள்?

பஸ் ஓட ஆரம்பித்ததும் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். படத்தையும் ஃபிலிம் சுருளையும் கையில் வாங்கியதும் கண் இருட்டிவிட்டது. மரம் இருக்கிறது, கால் இருக்கிறது, கோடாலி இருக்கிறது. கோடு போட்ட சட்டை ஒரு பொத்தான் விடாமல் இருக்கிறது. கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

“இன்னிக்கும் தல போச்சா!” என்று ஸ்டூடியோக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது போலீஸ் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. மரம் வெட்டினவன் யார் யார் என்று ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் ஒரு உறை வாங்கி, படத்தை உள்ளே வைத்து, ஊர் பேரை எழுதி, ஸ்டேஷனுக்குத் தபாலில் போட்டேன். படத்தின் பின்பக்கம் ஒரே ஒரு வரி: ‘இந்தச் சட்டை போட்டிருப்பவர்தான் மரத்தை வெட்டியவர்.’

பேரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேரே வராது. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது, புருஷனுக்கு மூத்தவர் பேரையும் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் அம்மா. அதே பேரில் மளிகைக்காரர் ஒருவர் இருந்தார், அவரையும் ‘முக்குக் கடைக்காரர்’ என்பாள். நானும் அப்படியே பழகிவிட்டேன். நிலத்தைப் பிடுங்கினவரை உள்ளே தள்ளத் துணிந்த எனக்கு அவர் பேரை எழுதக் கை வரவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தபாலில் போட்ட ஐந்தாம் நாள் சாயங்காலம் ஜீப் வந்தது. நான் டீக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டேன், கண்குளிரப் பார்க்கவேண்டும் அல்லவா. இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். ஒருவர் கையில் என் படம். கடைக்கு வெளியே குந்தி டீ குடித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி ஆளைப் பார்த்தார்.

“எந்திரிடா.”

எழுந்தவர் மலைக்காரர். உடம்பில் அந்தக் கோடு போட்ட சட்டை. அவருக்குத் தொளதொளவென்று முழங்கால் வரைக்கும் தொங்கியது.

“ஐயா, இது எஜமான் குடுத்ததுங்க. நாலு நாள் முன்னாடிதான் குடுத்தாரு. கூப்புட்டுக் குடுத்தாருங்க.” சொல்லி முடிக்கும் முன்பே அறை விழுந்தது. டீ கிளாஸ் உருண்டு என் காலடிக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஜீப் போய்விட்டது.

பிற்பாடுதான் தெரிந்தது. நான் படம் வாங்கிவந்த மறுநாளே பெரியப்பா வேறு வேலையாக ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார். ‘உங்க தம்பி பொண்ணு உங்களத் தலையில்லாம எடுத்துக்கினு வந்திருக்குதுங்க’ என்று அந்த ஆள் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். வேடிக்கையாம். பெரியப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினார். எவ்வளவு கெட்டிக்கார மூளை பாருங்கள்!

அம்மாவிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என்னை அடிக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்து நேரே பெரியப்பா வீட்டுக்கு இழுத்துப் போனாள். கதவோரம் நின்றாள். அவர் முன்னால் நின்று பேசிப் பழக்கமே இல்லாதவள்.

“மாமா, அந்த மலைக்காரர் அந்த மரத்தத் தொடவே இல்ல. எம் பொண்ணு பாத்துக்கினு இருந்துது. நாளைக்கு ஸ்டேஷன்ல வந்து சொல்லும். பொட்டியும் இருக்குது, ஃபிலிமும் இருக்குது.”

பெரியப்பாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஐயோ, அந்தச் சந்தோஷம்! இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

அவர் அம்மாவிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார்.

“நெலம் வோணுமா, மலைக்காரன் வோணுமா? ஒண்ணு சொல்லு. பழைய எல்லையிலயே கல்லு நட்டுத் தரேன், கையெழுத்தும் போட்டுத் தரேன். பொட்டியயும் ஃபிலிமயும் இங்க வெச்சிட்டுப் போ. அவன நாலு நாள்ல நான் ஜாமீன்ல எடுத்துடுறேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கேமரா என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றினேன். ஃபிலிம் சுருளையும் பாவாடை மடிப்பில் இருந்து எடுத்தேன். நானேதான் கொடுத்தேன், யாரும் பிடுங்கவில்லை. அவர் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டார். கல் விழுந்த மாதிரிதான் கேட்டது.

மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரியப்பா தன் கையாலேயே எல்லைக் கல் நட்டார். நாலு கல். வியர்வை ஒழுகியது. நான் வரப்பில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டு பார்த்தேன், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு துப்புத் துப்பினேன். அன்றைக்கு முழுக்க எனக்கு மலைக்காரர் ஞாபகமே வரவில்லை. இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

நாலு நாளில் ஜாமீன் எடுக்கவில்லை. எடுப்பாரா அந்த ஆள்? நான் இரண்டு முறை அம்மாவிடம் கேட்டேன். முதல் முறை, “எடுத்துடுவாரு, சொல்லியிருக்காரு இல்ல” என்றாள். இரண்டாம் முறை, “அவருக்கு மலையில நெலம் இருக்குது. நமக்கு இன்னா இருக்குது?” என்று கத்தினாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நாற்பது நாள் கழித்துச் சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்களாம். அவர் எங்கள் ஊருக்கு வரவில்லை, நேரே மலைக்குப் போய்விட்டார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அந்த முக்கால் காணியில் மல்லாட்டை போட்டோம். நன்றாக விளைந்தது. முதல் மூட்டையைக் கட்டி, “வா, மலைக்குப் போய்ட்டு வந்துடலாம்” என்றாள் அம்மா. அவளும் உள்ளுக்குள் வெந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தோம். மூட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். சாமை அறுத்த கொல்லைக்கு நடுவில் அவர் வீடு. வாசலில் உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் வைத்து இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கை இனி கோடாலி பிடிக்காது என்று அவர் சம்சாரம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அம்மா மூட்டையை வாசலில் வைத்தாள். “நம்ம நெலத்துல வெளஞ்சதுங்க” என்றாள். அவரை அம்மா ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் மூட்டையைப் பார்த்தார். “அந்த எல்ல மரத்துப் பக்கம், திரும்பி வந்த நெலமா?”

அம்மா தலையை ஆட்டினாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “பாப்பா, அன்னிக்கு நான் கோடாலியக் கீழ போட்டத நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“அதான். எனுக்குத் தெரியும் நீ பாத்தன்னு. ஸ்டேஷன்ல அதத்தான் சொல்லிக்கினே இருந்தேன். அந்தம்மா பொண்ணு அங்கதாங்க நின்னுது, அதுக்குத் தெரியும், அது வந்து சொல்லும்னு.” கையை மாற்றி வைத்துக்கொண்டார். “அடிக்கும்போது கூட, அது வந்துடும், வந்துடும்னுதான் வாசலப் பாத்துக்கினு இருந்தேன்.”

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பெரியப்பாவைக் கொல்லவேண்டும் என்று இருந்தது, அம்மாவைக் கொல்லவேண்டும் என்று இருந்தது. இருந்ததெல்லாம் வெறும் கைதான். அதுதான் அந்த வரியை எழுதிய கை, அதுதான் கேமராவைக் கழற்றிக் கொடுத்த கை.

“அழாதீங்கம்மா” என்றார் அவர். குரலில் சூடே இல்லை. “மூட்டைய எடுத்துக்கினு போங்க. இங்க அத யாரும் துன்ன மாட்டாங்க. இருட்டறதுக்குள்ள பஸ்ஸப் புடிச்சிடுங்க.”

அம்மா ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன். தூக்கிக்கொண்டு இறங்கினோம்.